ஆங்கில வினைச்சொல்: செய்ய வேண்டியதும் கூடாததும்

ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் வினைச்சொல் பாடத்தைத் திறந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மெயின் வெர்ப், ஆக்ஸிலரி, மோடல், டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ், லிங்கிங், ஸ்டேடிவ், டைனமிக், ரெகுலர், இர்ரெகுலர், ஃபைனைட், நான்-ஃபைனைட், ஃப்ரேசல், காஸேடிவ். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இத்தனைக்கும் விளக்கத்தை உருப்போட்டு, மறுநாள் தாளில் கொட்டிவிட்டு வந்தவர்கள் நம்மில் ஏராளம். அதே ஆட்கள் இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும் ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்றுதான் வாயைத் திறக்கிறார்கள்.

ஐந்தாறு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்களைப் புத்தகம் ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டுமா? இது தனியாக நிற்குமா, இன்னொரு வினைக்குத் துணைக்கு வந்திருக்கிறதா? நடப்பதைச் சொல்கிறதா, இருப்பதைச் சொல்கிறதா? இறந்தகாலம் எப்படி அமையும்? முற்றா, எச்சமா? ஒரு மனிதர் ஒரே சமயத்தில் மதுரைக்காரராகவும் மின்வாரிய ஊழியராகவும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருப்பதுபோல, ஒரு வினைச்சொல் இந்தக் கேள்விகள் அத்தனைக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

லீவ் லெட்டரிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கேனாட் அட்டெண்ட் த கிளாஸ் டுடே. சோ ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.’ காய்ச்சல் நிஜமோ பொய்யோ, வினைச்சொற்களில் ஒரு பிழை கிடையாது. ஆங்கில வினை வகைகளில் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே இருக்கின்றன.

‘ஆம் சஃபரிங்’கில் ‘சஃபர்’ முதல்வினை, ‘ஆம்’ துணைவினை. காலத்தைக் காட்டுவதும், எழுவாய் ‘ஐ’ என்பதால் ‘இஸ்’ ஆகாமல் ‘ஆம்’ ஆனதும் துணைவினைதான். ‘சஃபர்’ இங்கே காய்ச்சலை நேராகத் தொடவில்லை, ‘ஃப்ரம்’ வழியாகப் போகிறது. ஆகவே இன்டிரான்சிடிவ். ‘த கம்பெனி சஃபர்ட் எ லாஸ்’ என்று சொன்னால் அதே சொல் நஷ்டத்தை நேராகவே செயப்படுபொருளாக எடுத்துக்கொள்கிறது. அங்கே டிரான்சிடிவ். ‘சஃபர் என்ன வகை?’ என்று யாராவது கேட்டால், வாக்கியத்தைக் காட்டுங்கள், சொல்கிறேன் என்பதுதான் சரியான பதில்.

‘கேனாட் அட்டெண்ட்’டில் ‘கேன்’ மோடல். அதன் பின்னால் ‘அட்டெண்ட்’ எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. அது வகுப்பை நேரே பிடிக்கிறது, நடுவில் ‘டு’ இல்லை. ‘அட்டெண்ட் டு எ பேஷண்ட்’ என்றால் நோயாளியைக் கவனிப்பது, அது வேறு கதை. ‘ரிக்வெஸ்ட்’ முதலில் ஆளைப் பிடிக்கிறது, பிறகு ‘டு கிராண்ட்’ என்று வேலையைச் சொல்கிறது. ‘கிராண்ட் மீ லீவ்’ என்பதில் செயப்படுபொருள் இரண்டு: யாருக்கு, எதை. தமிழில் ‘எனக்கு’ என்பதன் ‘கு’ உருபு அந்த வேலையைப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே உருபு. ‘கிராண்ட் லீவ் மீ’ என்று மாற்றிப் போட்டால் வாக்கியம் செத்துவிடும்.

இப்படி ஒரு கடிதத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தவருக்கு வகைகளின் விளக்கம் தனியாகத் தேவைப்படாது.

வினைச்சொல்லை அதன் கூட்டாளிகளோடு சேர்த்துப் படியுங்கள். நோட்டில் ‘எக்ஸ்பிளெயின் – விளக்கு’ என்று எழுதி வைப்பதில் பாதிப் பயன்தான். தமிழில் ‘எனக்கு விளக்குங்கள்’ என்கிறோம், அதை அப்படியே தூக்கிப் போட்டு ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்று விடுகிறோம். ‘எக்ஸ்பிளெயின் சம்திங் டு சம்ஒன்’ என்று எழுதி வைத்திருந்தால் இந்தத் தவறு வராது. ‘சஜெஸ்ட்’டும் அப்படித்தான். ‘சஜெஸ்ட் மீ எ குட் டாக்டர்’ தவறு, ‘சஜெஸ்ட் எ குட் டாக்டர் டு மீ’ சரி. மாறாக ‘ஆஸ்க்’, ‘டெல்’ இரண்டும் ஆளை நேரே பிடிக்கும். ‘அவனிடம் கேள்’ என்பதில் ‘இடம்’ இருக்கிறதே என்று ‘ஆஸ்க் டு ஹிம்’ சொல்லக்கூடாது, ‘ஆஸ்க் ஹிம்’தான்.

இப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர். பிறமொழிக்காரருக்கு ஒரு வினைச்சொல்லின் பொருளை மட்டும் கொடுத்தால் போதாது, அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வினைச்சொற்களை 25 அமைப்புகளாகப் பிரித்து, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் செய்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி என்று நாம் புரட்டுவது அதன் வழிவந்ததுதான். அதில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் டிரான்சிடிவா, இன்டிரான்சிடிவா, லிங்கிங் வெர்பா என்று குறித்திருப்பார்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

தமிழ் வகுப்பில் படித்ததைக் கையில் எடுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஆங்கில வகுப்பில் திக்குமுக்காடும் பல விஷயங்களை நாம் ஏற்கெனவே தமிழில் படித்து முடித்திருக்கிறோம்.

ஃபைனைட், நான்-ஃபைனைட் என்றால் முற்று, எச்சம். அவ்வளவுதான். ‘டு கோ’ என்பது ‘போக’. ‘ஹேவிங் சீன்’ என்பது ‘பார்த்துவிட்டு’. ‘த பாய் சிட்டிங் தேர்’ என்பதில் உள்ள ‘சிட்டிங்’ ‘உட்கார்ந்திருக்கும்’ என்ற பெயரெச்சம். ‘ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்’ என்பதில் உள்ள ‘ஸ்விம்மிங்’ ‘நீந்துதல்’ என்ற தொழிற்பெயர். ஒரே ‘இங்’ எத்தனை வேஷம் போடுகிறது பாருங்கள்! வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ‘ஹேவிங் சீன் யுவர் அட்வர்டைஸ்மெண்ட் இன் த நியூஸ்பேப்பர்’ என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘நாளிதழில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து’ என்று எழுதித் தமிழில் புள்ளி வைப்போமா? எச்சம் முற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஆங்கிலத்திலும் அப்படியே.

சில வினைகளுக்குப் பின்னால் ‘இங்’ வரும், சிலவற்றுக்குப் பின்னால் ‘டு’ வரும். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட் ஆகியவை தொழிற்பெயரைத்தான் கேட்கும்: ‘ஐ என்ஜாய் ரீடிங்’. வாண்ட், டிசைட், ஹோப், ரெஃப்யூஸ் ஆகியவை ‘செய’ என்னும் எச்சத்தைக் கேட்கும்: ‘ஐ வாண்ட் டு ரீட்’. ‘ஸ்டாப்’ இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் மாறும். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேசுவதை நிறுத்தினார். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார். கடிதத்தின் கடைசி வரியில் வரும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ ஒரு கண்ணி. அந்த ‘டு’ எச்சத்தின் ‘டு’ கிடையாது, வெறும் முன்னிடைச்சொல். ஆகவே ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்றுதான் எழுத வேண்டும், ‘மீட்’ அல்ல.

அடுத்தது தன்வினை, பிறவினை. ‘லை’, ‘லே’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளே இல்லை, ஆங்கிலேயர்களும் இதில் தடுமாறுவார்கள். நமக்கோ இது கிட, கிடத்து என்ற ஜோடி. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்பது எழு, எழுப்பு. ‘ஃபால்’, ‘ஃபெல்’ என்பது விழு, வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ‘ஃபெல்’ என்று ஒரு தனி வினையே உண்டு. தமிழில் இந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது: ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு, திருந்து, திருத்து. ஆங்கிலத்தில் பழைய காலத்து மிச்சமாக ஒருசில ஜோடிகள்தான். மற்றபடி அங்கே ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கும். ‘த கிளாஸ் புரோக்’ என்றால் உடைந்தது, ‘ஹி புரோக் த கிளாஸ்’ என்றால் உடைத்தான். ஓப்பன், மெல்ட், பாயில், ஸ்டார்ட் எல்லாம் இந்த ரகம்.

‘லை’யில் இன்னொரு வில்லங்கம், அதன் இறந்தகாலம் ‘லே’. லை, லே, லெய்ன் என்பது ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் என்பது மற்றது. பொய் சொல்கிற ‘லை’ இரண்டிலும் சேராது, அது லை, லைட், லைட். படுத்திருக்கிறேன் என்பதற்கு ‘ஐ ஆம் லேயிங்’ என்று சொன்னால், எத்தனை முட்டை என்று எதிராளி கேட்கலாம்.

கேள்வி கேட்கும் முன் துணைவினையைத் தேடுங்கள். தமிழில் ‘வந்தான்’ என்பதோடு ‘ஆ’ ஒட்டினால் கேள்வி. வரிசை மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் ‘வேர் யூ ஆர் கோயிங்?’, ‘வொய் யூ கேம்?’ என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும்: ‘வேர் ஆர் யூ கோயிங்?’ துணைவினையே இல்லாத வாக்கியமாக இருந்தால் ‘டூ’ ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பும். வந்ததும் காலத்தை அது வாங்கிக்கொள்ளும், முதல்வினை பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ‘டிட் யூ வென்ட்’ தவறாவது இதனால்தான். எதிர்மறையிலும் இதே கதை, ‘டிட் நாட் கோ’. தமிழிலும் ‘போகவில்லை’ என்கிறோமே தவிர ‘போனவில்லை’ என்பதில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘டிட் நாட் வென்ட்’ நாக்கில் வராது.

துணைவினையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு வாக்கியத்தின் வாலும் வசப்படும். தமிழில் எல்லா இடத்துக்கும் ‘இல்லையா?’ ஒன்று போதும். அதனால் நாமும் ‘இஸின்ட் இட்?’ ஒன்றை வைத்தே காலம் தள்ளுகிறோம். ‘ஹி கேன் ஸ்விம், கான்ட் ஹி?’, ‘யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?’, ‘யூ கேம், டிடின்ட் யூ?’ என்று முன்னால் உள்ள துணைவினையே வாலிலும் திரும்ப வர வேண்டும், முன்னால் துணைவினை இல்லாவிட்டால் ‘டூ’ வரும்.

சந்தேகம் வந்தால் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘த சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’டா, ‘டேஸ்ட்ஸ் வெல்’லா? ‘டேஸ்ட்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘இஸ்’ போட்டால் ‘த சாம்பார் இஸ் குட்’ என்று பொருந்துகிறது. அப்படியானால் அது லிங்கிங் வெர்ப், பின்னால் பண்புச்சொல்தான் வரும். லுக், ஸ்மெல், ஃபீல், சவுண்ட், சீம், பிகம் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை செல்லும். சமையற்காரர் கரண்டியில் எடுத்து ருசி பார்க்கும்போது ‘டேஸ்ட்’ செயல்வினை ஆகிவிடும், அங்கே ‘இஸ்’ பொருந்தாது.

இர்ரெகுலர் வினைகளில் அடிக்கடி வருபவற்றை முதலில் பிடியுங்கள். பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் என்று அன்றாடம் அதிகமாகப் புழங்கும் வினைகள் எல்லாமே இர்ரெகுலர். காரணம் எளிது, வாயில் தினமும் உருள்வதால் பழைய வடிவம் மறக்காமல் தங்கிவிட்டது. ‘பி’க்கு மட்டும் எட்டு வடிவங்கள்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங். ‘கோ’வின் இறந்தகாலமான ‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையிடமிருந்து கடன் வாங்கியது. புதிதாக வரும் சொற்களோ கேள்வி கேட்காமல் ‘ஈடி’ ஒட்டிக்கொள்ளும். கூகுள் வினைச்சொல்லானதும் இறந்தகாலம் ‘கூகுள்ட்’ ஆனது.

படிப்பதை அகரவரிசையில் படிக்காதீர்கள், ஓசை வரிசையில் படியுங்கள். மாறாதவை ஒரு கூட்டம்: கட், புட், ஹிட், ஷட். ‘சிங், சேங், சங்’ ஒரு கூட்டம்: ரிங், டிரிங்க் அதில் சேரும். ‘பை, பிரிங், திங்க்’ ஒரு கூட்டம். பொறிகளும் உண்டு. ‘ஃபைண்ட்’டின் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’. ஆனால் ‘ஃபவுண்ட்’ என்றே நிறுவுதல் என்ற பொருளில் இன்னொரு வினை இருக்கிறது, அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்டட்’. அண்ணா 1949இல் திமுகவை ‘ஃபவுண்டட்’. தொலைந்த சாவியை ‘ஃபவுண்ட்’.

போகிற போக்கில் உச்சரிப்பு ஒன்று: ‘ஈடி’யை எல்லா இடத்திலும் ‘எட்’ என்று இழுக்க வேண்டாம். ‘வாக்ட்’, ‘ப்ளேய்ட்’ என்று ஒட்டித்தான் சொல்ல வேண்டும். முன்னால் ‘ட்’ ஓசை (t அல்லது d) இருந்தால் மட்டும் ‘வாண்டட்’, ‘நீடட்’ என்று தனி அசை வரும்.

செய்யக்கூடாதவை

நிலையைச் சொல்லும் வினைக்கு ‘இங்’ மாட்டாதீர்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’, ‘ஐ ஆம் வாண்டிங் லீவ்’ என்ற இந்தப் பழக்கம் இந்தியா முழுக்க உண்டு. கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேல் ‘குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.’ என்ற கவிதையில் இந்த ‘இங்’ மோகத்தைத்தான் வைத்து விளையாடினார்.

நோ, பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், லைக், வாண்ட், நீட், ஓன், பிலாங், கண்டெய்ன், காஸ்ட் ஆகியவை நடக்கிற வேலையைச் சொல்லவில்லை, இருக்கிற நிலையைச் சொல்கின்றன. இவற்றை அடையாளம் காணத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று இவற்றில் பல ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்கும். ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். தமிழில் ‘கொண்டிரு’ ஒட்டாத இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ ஒட்டாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ‘எனக்கு’ என்று தொடங்குவதெல்லாம் நிலை என்று தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். ‘எனக்கு வேலை கிடைத்தது’ நிலையல்ல, நிகழ்ச்சி.

இங்கேயும் வாக்கியம்தான் முடிவு செய்யும். ‘ஹேவ்’ உடைமையைச் சொல்லும்போது நிலை, சாப்பாட்டைச் சொல்லும்போது செயல். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி. ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பது கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்’ என்பது யோசித்துக்கொண்டிருப்பது. ‘ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ’ என்பதில் ‘சீ’ சந்திப்பது. பிறகு 2003இல் மெக்டொனால்ட்ஸ் கொண்டுவந்த ‘ஐ ஆம் லவின் இட்’ இருக்கிறது. அது விளம்பரக்காரர் வேண்டுமென்றே விதியை வளைத்தது. அதைக் காட்டி இன்டர்வியூவில் வாதாட முடியாது.

‘கேள்’, ‘பார்’ என்று நமக்கு ஒரே வினையாக இருப்பவை ஆங்கிலத்தில் பிரிந்து நிற்பதும் இந்தக் கோட்டில்தான். காதில் தானாக விழுவது ‘ஹியர்’, கவனித்துக் கேட்பது ‘லிசன்’. கண்ணில் படுவது ‘சீ’, திரும்பிப் பார்ப்பது ‘லுக்’, டிவியிலோ மைதானத்திலோ தொடர்ந்து பார்ப்பது ‘வாட்ச்’.

இன்னொரு முனையில் ‘ஐ ஆம் அக்ரீ’ என்ற தவறு. ‘அக்ரீ’ தானே வினை, அதற்கு ‘ஆம்’ எதற்கு?

மோடலுக்குப் பின்னால் எதையும் சொருகாதீர்கள். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று இவை ஒன்பது. இவற்றுக்கு ‘எஸ்’ கிடையாது, பின்னால் ‘டு’ கிடையாது, ஒன்றின் மேல் இன்னொன்று ஏறாது. ‘மஸ்ட் டு கோ’ தவறு. ‘கேன் ஏபிள் டு’ என்றால் முடியும் முடியும் என்று இரண்டு தடவை சொன்னதாகும். ‘பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது’ என்று ஒருமுறை நடந்த காரியத்தைச் சொல்ல ‘ஐ குட் கேட்ச் த பஸ்’ பொருந்தாது, ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த பஸ்’ என்க. பிடிக்க முடியவில்லை என்பதற்கு ‘குடின்ட்’ தாராளமாகச் செல்லும்.

‘மஸ்ட் நாட்’டை ‘வேண்டியதில்லை’ என்று நினைக்காதீர்கள். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக்கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வரத் தேவையில்லை, வந்தாலும் பாதகமில்லை. ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்று, எதிர்மறையில் எதிரெதிர். கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டாம் என்று சொல்ல வந்தவர் ‘மஸ்ட் நாட்’ போட்டால் மிரட்டுவது போலாகிவிடும்.

கனத்துக்காக ‘வுட்’ போடாதீர்கள். ‘த மீட்டிங் வுட் பி ஹெல்ட் டுமாரோ’ என்று சுற்றறிக்கைகளில் பார்க்கலாம். நாளைக்கு நடக்கப்போகிற கூட்டத்துக்கு ‘வில்’ போதும்.

செயப்படுபொருள் இல்லாத வினையைச் செயப்பாட்டு வினையாக்காதீர்கள். ‘தி ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்ட்’, ‘ஹி வாஸ் டைட்’ என்று எழுதுகிறவர்கள் ‘விபத்து நடக்கப்பட்டது’, ‘அவர் இறக்கப்பட்டார்’ என்று தமிழில் எழுதுவார்களா? அக்கர், அரைவ், டிசப்பியர் எல்லாம் இதே வரிசை.

பெயர்ச்சொல்லின் வாலை வினைச்சொல்லில் ஒட்டாதீர்கள். ‘டிஸ்கஸ் அபௌட்’ ஏன் வருகிறது? ‘டிஸ்கஷன் அபௌட்’ சரியாக இருப்பதால். எம்ஃபசிஸ் ஆன் சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ தவறு. ‘அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்’ சரி, ‘ஐ ஆர்டர்ட் ஃபார் டூ காஃபீஸ்’ தவறு. ‘ஆன்சர் டு த கொஸ்டின்’ பெயராக இருக்கும்போது சரி, ‘ஆன்சர் த கொஸ்டின்’ என்று வினையாகும்போது ‘டு’ போய்விடும். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல ‘ரீச்ட் மதுரை’ போதும். ‘ரிட்டர்ன் பேக்’, ‘கோப் அப் வித்’ என்பவற்றில் ‘பேக்’கும் ‘அப்’பும் வேலையில்லாமல் நிற்கின்றன.

பிறரை வைத்துச் செய்த வேலையை நீங்களே செய்ததாகச் சொல்லாதீர்கள். சலூனுக்குப் போய்விட்டு வந்து ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரி பிடித்ததாகப் பொருள். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வண்டியைக் கடையில் விட்டு எடுத்தால் ‘ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்’. ஆளைச் சொல்லும்போது ‘மேக்’, ‘லெட்’, ‘ஹேவ்’ மூன்றும் ‘டு’ ஏற்காது: ‘ஹி மேட் மீ வெயிட்’. ‘கெட்’ ஏற்கும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. வேடிக்கை என்னவென்றால் ‘மேக்’ செயப்பாட்டுக்குப் போனதும் ஓடிப்போன ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. அரசு அலுவலகங்களில் வரிசையில் நிற்பவர்களுக்கு மிகவும் பயன்படும் வாக்கியம்.

ஃப்ரேசல் வெர்ப் ஐநூறை ஒரே மூச்சில் உருப்போடாதீர்கள். ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது, ‘புட் ஆன்’ உடுத்துவது, ‘புட் அப் வித்’ பொறுத்துக்கொள்வது என்று அடுக்கினால் ஒன்றும் தங்காது. படிக்கும்போது எதிர்ப்படுவதை வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிரியுமா, பிரியாதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்று ‘இட்’ நடுவில் வரும், ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ வராது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ பிரியாது.

எதிரே பேசுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். இந்தியாவில் ‘பாஸ் அவுட்’ என்றால் படித்து முடிப்பது, இங்கிலாந்தில் மயங்கி விழுவது. நம் ஊருக்குள் யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. பேச்சில் விட்டுக்கொடுக்கலாம், எழுத்தில்தான் கண்டிப்பு வேண்டும்.

நாளைக்கு நீங்கள் எழுத வேண்டிய ஆங்கில மெயில் ஒன்று கட்டாயம் இருக்கும். எழுதி முடித்ததும் அனுப்பாமல், அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பத்துப் பன்னிரண்டு தேறும். சந்தேகம் வருகிற இரண்டை மட்டும் அகராதியில் பார்த்துத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.